சொந்த லேப்டாப்

“பயப்படாதீங்க மேடம், உங்க சொந்த லேப்டாப்ல எதையும் தொடமாட்டோம்.” வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சேர்ந்திருந்தவளிடம் பென் டிரைவை நீட்டினார் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர். “இதைச் சொருகி ஆன் பண்ணா எங்க லினக்ஸ் ஓடும். ஆஃப் பண்ணி உருவிட்டா பழையபடி உங்க விண்டோஸ்.”

“இது ஓடுறப்ப விண்டோஸ் முழிச்சிட்டு இருக்குமா சார்?”

“கும்பகர்ணத் தூக்கம்தான்.”

“இதுல நான் டைப் பண்றது அதுல எங்கயாவது பதிவாகுமா?”

அவர் சிரித்தார். “எல்லாரும் ‘என் போட்டோவை ஆபீஸ் பார்க்குமா’ன்னுதான் கேப்பாங்க. நீங்க தலைகீழாக் கேக்கறீங்க.”

“ஆபீஸ் பார்த்தாப் பரவாயில்லை சார்.”

“ஒண்ணும் பதிவாகாது. நிம்மதியாப் போங்க.”

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, பென் டிரைவைச் சொருகி ஆன் செய்து, ஆபீஸ் பாஸ்வேர்டை டைப் செய்தாள். கொஞ்ச நேரத்தில் கணவன் போனும் கையுமாக வந்து நின்றான்.

“என்ன, நீ டைப் பண்றது ஒண்ணுமே என் போனுக்கு வரலியே?”

“ஆபீஸ் சிஸ்டம்ங்க. அப்படித்தானாம்.”

திரையை உற்றுப் பார்த்தான். கம்பெனி பெயரைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

“சம்பளம் தர்றவன் சொன்னா என்ன பண்றது? வேலை முடிஞ்ச உடனே உருவிடணும்” என்று முனகிக்கொண்டே போனான்.

அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள். பிறகு புதிய ஆபீஸ் மெயிலிலிருந்து அக்காவுக்கு எழுதினாள்.

“அக்கா, நல்லா இருக்கேன்னு இதுவரைக்கும் எழுதினதெல்லாம் அவர் படிப்பார்னு எழுதினது. சீக்கிரம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போ.”