சாந்தசொரூபி

கல்யாண மண்டபங்களில் சம்பந்தி சண்டை ஒழிந்ததற்குச் சாந்தசொரூபி என்ற கலப்பினக் கஞ்சாதான் காரணம். பலாச்சுளையும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்த மணம். மயக்காது, சிரிக்க வைக்காது. முகர்ந்தவரின் கோபத்தை மட்டும் எடுத்துவிடும். சாம்பிராணிக்குப் பதிலாக மண்டபம் முழுக்க அதைத்தான் புகை போடுவார்கள்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், தமயந்தியைக் கட்டிக்கொள்ள வேண்டியவன் வேறொருத்தியோடு ஓடிப்போன செய்தி வந்தது.

"சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. தமயந்தியின் அப்பா தலையாட்டிவிட்டு, பந்தியைப் போடச் சொன்னார். பத்திரிகையில் தன் பெயரைக் கீழே போட்டார்கள் என்று ஒரு கல்யாணத்தையே நிறுத்திய தாய்மாமன் இருளப்பன், நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

தமயந்திக்கு மட்டும் கடுமையான ஜலதோஷம். மணவறையிலிருந்து இறங்கி வந்து மாமனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எனக்காக ஒருத்தர்கூட போய் நியாயம் கேக்க மாட்டீங்களா மாமா?"

அடைத்த மூக்கோடு அழுகிற அவள் குரலைக் கேட்டு இருளப்பனுக்கு மனசு தாங்கவில்லை. சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யாரப்பா அங்க? சீக்கிரம் வெந்நி கொண்டாங்க, புள்ளைக்கு ஆவி புடிக்கணும்!"