நான்கு மடங்கு இதயம்

எட்டு மாதக் குழந்தையின் இதயத்தை அதே வடிவில் வடித்த மாதிரியை மருத்துவர் வாசுகி மேசைமேல் வைத்தார். அதன் உட்சுவரில் ஒரு துளை இருந்தது. மடியில் மகள் உறங்க, பூங்கோதை அத்துளையில் சுண்டுவிரலை நுழைத்தாள். விரல் தடையின்றிச் சென்றது.

“இம்புட்டு ஓட்டையோட எம்புள்ள எப்படிம்மா பொழைக்கும்?”

“இது நாலு மடங்கு பெருசும்மா. இதுல பன்னிரண்டு மில்லிமீட்டர்னா, பாப்பாவுக்கு மூணுதான். மிளகளவுகூட இல்ல, தானா மூடிக்கும்.”

“எனக்குக் கணக்கெல்லாம் வராதும்மா.”

“அவ கையை மூடினா எவ்வளவோ, இதயமும் அவ்வளவுதான். வச்சுப் பாருங்க.”

பூங்கோதை மகளின் மூடிய கையை மாதிரியின் அடியில் வைத்து, மேல்நோக்கி நகர்த்தி நகர்த்தி அளந்தாள். நான்காம் முறை அது உச்சியைத் தொட்டது. அந்தக் கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள், நெடுநேரம் அதை விலக்கவில்லை.