ஐந்தாவது கலயம்

ஒல்லாந்தர் கோட்டையில் எனக்கு ஓலை எழுதும் வேலை. தூண்டில் இரைக்குப் பொடிமீன் பிடித்தது என் மனைவி ரங்கம்மாள். மண்கலயத்தில் தவிடு போட்டு, வாயைத் துணியால் கட்டி, துணியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டு, மாலையில் ஏரிக்கரையோரம் தண்ணீரில் அமுக்கி வைப்பாள். அவளிடம் ஐந்து கலயங்கள் இருந்தன.

அவள் இறந்த அன்று புதுக்குடம் கிடைக்கவில்லை. அந்த ஐந்தில் ஒன்றை நீரோடு இடது தோளில் வைத்துக்கொண்டு சிதையை மூன்று முறை சுற்றினேன். சுற்றுக்கு ஒரு துளையாக அவள் அண்ணன் நீலமேகம் கத்தியால் போட்டான். கலயத்தை முதுகுப்பக்கம் போட்டுவிட்டு, முறைப்படி திரும்பிப் பார்க்காமல் வந்தேன். உடைந்த சத்தம் கேட்டதாக நினைவில்லை.

நேற்று மாலை மீதி நான்கையும் ஏரியில் வைத்தேன். இன்று காலை ஐந்து இருந்தன. ஐந்தாவதில் மூன்று துளைகள். உள்ளே பொடிமீன்கள்.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த நீலமேகத்திடம் போனேன்.

"மச்சான், அன்னிக்குக் கலயம் உடைஞ்சுதா?"

"இன்னா மாப்ள, படிச்சவன் கேக்கற கேள்வியா இது? நானும்தான் திரும்பிப் பாக்கல. உடைஞ்சிருக்கும்னு வந்துட்டேன். உடையலன்னா அவ எப்படிப் போவா?"

சிரித்துவிட்டு வலைக்குத் திரும்பினான். என் கையில் இருந்த கலயத்தை அவன் பார்க்கவில்லை.

கலயத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மூன்று துளைகளிலும் தண்ணீர் ஒழுகி என் முதுகை நனைத்துக்கொண்டே வந்தது. வாசலில் இறக்கினேன். கலயம் வாய்வரை நிறைந்திருந்தது.

வேலைக்கு அழைக்கும் கோட்டை மணி அடித்துவிட்டது. நான் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.