தொட்டி வாய்

காலி எண்ணெய்த் தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் வாயு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனைவியின் தம்பி நீட்டிய சிவப்பு, மஞ்சள் என இரண்டு வாயு கண்டறியும் கருவிகளுடன் மேஸ்திரி தொட்டி வாயில் குனிந்தார். சிவப்பு கம்மென்று இருந்தது. மஞ்சள் காது கிழியக் கத்தியது.

"எவனும் இறங்காதீங்கடா, செத்துத் தொலைவீங்க!" மேஸ்திரி கூவினார்.

மச்சான் இரண்டையும் கயிற்றில் கட்டி உள்ளே விட்டான். சத்தமே இல்லை. மேலே இழுத்து மேஸ்திரி கையில் கொடுத்ததும் மஞ்சள் மறுபடி அலறியது.

"கோளாறு புடிச்ச சாமான் மச்சான். தூக்கிப் போடு."

"தொட்டி வாயில ஒண்ணுமில்ல அத்தான். உங்க வாயிலதான். சிவப்பு எரிவாயுவுக்கு மட்டும் கத்தும். மஞ்சள் சாராய வாடைக்கும் கத்தும்."

மேஸ்திரி வாயைப் பொத்தினார். மஞ்சள் அடங்கியது.

"நீங்க குடியை விட்டுட்டதா அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. தொட்டிக்குச் சிவப்பு போதும். மஞ்சளை உங்க வீட்டு வாசல்ல மாட்டிடறேன்."