சர்ச் கதவில் ஒரு சொல்

"ஏம்பா ஜேபஸ், உன் அஞ்சு பிள்ளைங்களும் யாரு ஜாடை?"

சர்ச் வாசலில் நின்ற கூட்டம் குலுங்கிச் சிரித்தது. படிக்கத் தெரியாத ஜேபஸ் திருதிருவென்று விழித்தான்.

கதவில் ஒட்டியிருந்த ஏழைகள் பட்டியலைக் கொல்லன் விரலால் தட்டினான். "உன் பேருக்கு நேரா 'இம்பொட்டன்ட்'னு எழுதியிருக்கு. அதாவது, கட்டில்ல நீ எதுக்கும் லாயக்கில்லையாம்!"

ஜேபஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. நார்ஃபோக் வட்டாரத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்க எந்தப் பண்ணையிலும் வேலை இல்லை. ஊர்ச்சபை வாராவாரம் தரும் ரொட்டியில்தான் வீடு ஓடியது. அதற்காக இப்படியா அசிங்கப்படுத்துவது?

நேரே சபை அறைக்குள் புகுந்தான். பட்டியல் எழுதிய குமாஸ்தா க்ரிக், நகரத்திலிருந்து வந்த அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இம்பொட்டன்ட்? அடிய்யா அந்தச் சொல்லை!"

"வீட்டுக்குப் போ, ஜேபஸ். அப்புறம் பேசலாம்." க்ரிக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"அடிக்க மாட்டே?"

ஓங்கி ஒரு குத்து. க்ரிக்கின் உதடு கிழிந்தது. அப்போதும் அவர் பேனாவைத் தொடவில்லை.

அதிகாரி எழுந்தார். "உனக்கு உடம்புல எந்தக் குறையும் இல்லையா?"

"எருது மாதிரி இருக்கேன் துரை!"

"வேலை செய்வியா?"

"ரெண்டு ஆள் வேலை செய்வேன்!"

அதிகாரியே பேனாவை எடுத்து, மேசைமேல் இருந்த மூலப் பட்டியலில் அந்தச் சொல்லை அடித்தார். ஜேபஸ் நெஞ்சை நிமிர்த்தினான்.

"சட்டத்துல அந்தச் சொல்லுக்கு உழைக்கத் தெம்பில்லாதவன்னு அர்த்தம். அவங்களுக்கு மட்டும்தான் இனிமே வீட்டுக்கு ரொட்டி. உன்னை மாதிரி திடமான ஆளுங்க குடும்பத்தோட ஏழைகள் விடுதிக்குப் போகணும். காலையில வண்டி வரும். அங்கே நீ ஒரு கட்டடம், உன் பொண்டாட்டி ஒரு கட்டடம், பிள்ளைங்க வேற கட்டடம்."

சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த ஊருக்குக் குதிரை ஏறிவிட்டார்.

ஜேபஸ் "துரை, துரை" என்று வாசல்வரை ஓடினான். விஷயம் கேள்விப்பட்டு மூச்சிரைக்க ஓடிவந்த மனைவி கெசையா, அவனைக் கடந்து க்ரிக்கிடம் போனாள். தன் மேலங்கியால் அவர் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள்.

பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டேன் மாட்டேன்னவரைக் காலைப் பிடிச்சு, அப்படி எழுத வெச்சதே நான்தான்யா!"