யாரோ ஒருத்தி

பழைய எம்.எல்.ஏ. இனி நிற்கப்போவதில்லை என்று சொன்ன நாளிலிருந்து, அந்தத் தொகுதிக்காகக் கட்சிக்குள்ளேயே குத்துவெட்டு. கிளைச் செயலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டு, துள்ளிக் குதிக்காத குறையாக வீடு திரும்பினார்.

"சீட்டு நமக்குத்தான்டி! உங்க மகளிர் அணியில எவளோ ஒருத்தி குறுக்க வந்திருக்கா. பேரை வெளிய விட மாட்டேங்கறாங்க. விடுவேனா? ஒரே போடா போட்டுட்டேன்."

சாப்பாடு எடுத்து வைத்த மனைவி நிமிர்ந்தாள். "என்னன்னு?"

"வீட்டுக்கு அடங்காதவ, புருஷனை மதிக்காதவ, அவளை நிறுத்தினா கட்சி மானம் கப்பலேறிடும்னு தலைவர்கிட்டயே சொல்லிட்டேன்."

"அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுதான் பேசணும்னா அரசியல் பண்ண முடியுமா?"

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

போன் அடித்தது. மாவட்டச் செயலாளர். மனைவியும் கேட்கட்டுமே என்று பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார்.

"வாழ்த்துகள்! சீட்டு உங்களுக்குத்தான். அந்தம்மாவுக்குன்னு முடிவே ஆகியிருந்துச்சு. ஆனா கட்டின புருஷனே வந்து சொல்றப்ப நம்பாம இருக்க முடியுமா? பொண்டாட்டின்னும் பார்க்காம, கட்சிதான் பெருசுன்னு வந்து நின்னீங்களே, தலைவர் அசந்துட்டார்!"

பிசைந்த கை தட்டிலேயே நின்றது.

"சத்தியமா... நீன்னு எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதுன்னுதான் அப்பவே சொன்னீங்களே" என்ற அவள், வேட்பாளரின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.