இன்னும் ஒரு அங்குலம்

சிவக்கொழுந்து மாதிரித்தாளைத் தையல்காரியின் மேசையில் விரித்து, மகனின் பெயரைத் தேடினாள்.

பையன்களின் சட்டை வெட்டுவதற்கான தாள் அது. வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்தது. பழுப்பேறி, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. குருநகர் மார்கிரட் அதை வைத்துத்தான் இருபது வருடமாகச் சேட்டுத் தைத்தாள். ஒவ்வொரு பையனுக்கும் அதில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் பெயர்.

இப்போது சேட்டுத் தைக்கக் கொடுப்பவர்கள் இல்லை. ஊரில் பையன்களே குறைவு.

மார்கிரட் அந்தத் தாளின் வடிவங்களை வெட்டுத்துணியில் வெட்டி, படங்களாகத் தைத்தாள். சேட்டுக் கை படகுப் பாயாகும். கொலர் வள்ளமாகும். அப்படியொன்று மாதா கோயில் மண்டபத்தில் தொங்கியது. மகனுக்கு நேர்த்தி வைக்கப் போன இடத்தில் சிவக்கொழுந்து அதைக் கண்டுவிட்டு, தனக்கும் ஒன்று தைக்கச் சொல்லி வந்திருந்தாள்.

"இந்தா, இதுதான் என்ரை பிள்ளையின்ரை கோடு."

மகன் செல்வரட்ணம் இந்தியாவுக்கு வள்ளம் ஏறி இரண்டு வருடம். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. கடிதம் ஒன்றும் வரவில்லை. தபால் ஒழுங்கில்லை, முகாமில் இருப்பான் என்பாள் சிவக்கொழுந்து.

"அவன்ரை கையளவிலை பாய் வையும். வள்ளம் அக்கரையிலை நிக்கவேணும். கையை மட்டும் ரெண்டு அங்குலம் நீட்டிவிடும், பிள்ளை. வளர்ந்திருப்பான்."

மார்கிரட் இரண்டு அங்குலம் தள்ளிக் கோடு போட்டாள். கோடு நேராக வரவில்லை.

சிவக்கொழுந்து தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். மகனின் கை நீண்டு நின்றது. சிரித்தாள்.

"அக்கா..." என்று தொடங்கினாள் மார்கிரட்.

"ஓம், எனக்கும் விளங்குது, காணாது. தேப்பனைப் போலை நெட்டையன். இன்னும் ஒரு அங்குலம் விடும்."

கத்தரிக்கோல் எடுத்துவருவதாகச் சொல்லி மார்கிரட் அறைக்குள் போனாள்.

அவள் கணவன் சந்தியோகு கட்டிலில் குந்தியிருந்தான். எல்லாம் கேட்டிருந்தான். சொல்ல வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தான்.

அந்த வள்ளம் போன நாலாம் நாள், மீன்பிடிக்கப் போன இடத்தில், கடலில் மிதந்த ஒரு பையனின் உடலை அவன்தான் கண்டான். நேவிக்குப் பயந்து கரைக்குக் கொண்டுவரவில்லை. ஆளில்லாத மணல்திட்டொன்றில் புதைத்து, தனக்குத் தெரிந்த செபத்தைச் சொல்லி, இரண்டு தடியில் சிலுவை கட்டி நட்டுவிட்டு வந்தான். யாருடைய பிள்ளை என்று அறிய உதவும் என நினைத்து, சேட்டில் ஒரு துண்டு கிழித்துவந்து மனைவியிடம் கொடுத்தான்.

துணி போதாமல் கையடியில், கமக்கட்டில், ஒட்டுப்போட்ட தையல். மார்கிரட் செல்வரட்ணத்துக்குத் தைத்தது.

சொல்லத்தான் இருந்தாள். சிவக்கொழுந்தின் கொக்குவில் வீட்டுக்கு இரண்டு தரம் போய், வாசல் படலையைத் தொடாமலே திரும்பினாள். சிதையில் எரிக்கவேண்டிய சைவப் பிள்ளையை மண்ணில் புதைத்தோம் என்று அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? பிறகு வந்த மாரியில் அந்தத் திட்டையும் கடல் கொண்டுபோய்விட்டது. கூட்டிப்போய்க் காட்டவும் இடமில்லை.

வெளியிலிருந்து சிவக்கொழுந்து கூப்பிட்டாள்.

"பிள்ளை, கத்தரிக்கோல் இஞ்சை மேசையிலைதான் கிடக்கு. வாரும்."